பதினைந்தாவது குரோமோசோம்

கண்காட்சி திறக்கப் போகிற நாள் காலையில், அறிவழகன் என் ஸ்லைடுகளைத் துடைத்து வைத்திருந்தான்.

துடைத்து என்றால் சும்மா தூசி தட்டியதில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, பல் விளக்குகிற மாதிரி தேய்த்து, பளபளவென்று தட்டில் அடுக்கிவிட்டு மூஞ்சி நிறையச் சிரிப்போடு நிற்கிறான். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நான் ஏன் அப்படிக் குதித்தேன் என்று புரிய வேண்டுமானால் அந்த ஸ்லைடுகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்கிறேன், எனக்குச் சொல்ல ரொம்பப் பிடித்த கதைதான்.

என் பெயர் தஹ்ஸீன். வீடு கடலூர் முதுநகரில். சிதம்பரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. மரபியல் என்கிற படிப்பு இந்தப் பக்கத்துக்கு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எந்தச் செடியைப் பிய்த்து என்ன பார்த்தார்கள் என்பதுதான் என் தலைப்பு. “ஆராய்ச்சின்னா புதுசாக் கண்டுபிடிக்கிறதுதானே? நீ ஏம்மா பழசைக் கெளர்றே?” என்று அத்தா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு எங்கள் துறையின் கிடங்கு அறையை ஒருநாள் காட்டினால் போதும், வாயை மூடிக்கொள்வார்.

அந்த அறை இருக்கிறதே, யா அல்லாஹ்! முதல் தடவை பூட்டைத் திறந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு அலமாரி முழுக்கக் கம்புக் கதிர்கள். குட்டை, நெட்டை, மீசை வைத்தது, மொட்டையானது என்று ஒவ்வொன்றும் நூல் கட்டித் தொங்கின. பழ ஈக்களை வளர்த்த பால் பாட்டில்கள், அடியில் காய்ந்துபோன வெல்லக்கூழோடு இன்னும் இருந்தன. யாரோ ஒரு வாத்தியார் குரோமோசோம் எப்படிப் பிரிகிறது என்று காட்ட சைக்கிள் ட்யூபை வெட்டிச் செய்த மாதிரி வடிவம் ஒன்று இருந்தது. சிவப்பு ட்யூப் அப்பா வழி, கறுப்பு ட்யூப் அம்மா வழி. இழுத்தால் இரண்டும் பிரிந்து எதிரெதிர் பக்கம் போகும். நானும் அறிவழகனும் அதை இழுத்து இழுத்து விளையாடியே அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தைக் கோட்டை விட்டோம்.

அறிவழகன் என்னோடு சேர்ந்தவன். குடிகாட்டுக்காரன். ஊர்ப் பக்கத்திலேயே கெமிக்கல் பேட்டை என்பதால், கிடங்கின் பார்மலின் நெடியில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போது அவன் மட்டும் மல்லிகைப் பந்தலில் நிற்கிற மாதிரி நிற்பான். “எங்க ஊரு காத்துக்கு இதெல்லாம் ஜுஜுபி” என்பான். நல்ல பையன். வேலையில் சுத்தம் ஜாஸ்தி, அதுதான் வினையாகப் போனது.

துறைத் தலைவர் ராமாமிர்தம் சார் இந்த வருஷம் கிடங்கில் உள்ளதையெல்லாம் வைத்து ஒரு நிரந்தரக் கண்காட்சி போடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய மாணவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் போன் போட்டேன். அப்படிக் கிடைத்தவர்தான் பண்ருட்டி சந்திரலேகா டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். போனில் நான் துறையின் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“என் கம்புச் செடி ஸ்லைடு இருக்காம்மா அங்க?” என்றார்.

“எந்தக் கம்பு, டீச்சர்?”

“நாப்பத்தொண்ணாம் நம்பர் செடி.”

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் இங்கே ஆராய்ச்சி மாணவி. கம்புச் செடியின் ஒவ்வொரு செல்லிலும் பதினாலு குரோமோசோம் இருக்கும். ஆளுக்கொரு ஜோடி செருப்பு மாதிரி, ஏழு ஜோடி. இவர் வளர்த்த பாத்தியில் ஒரு செடி மட்டும் சவலைப் பிள்ளை போல ஒல்லியாக, இலை குறுகி நின்றிருக்கிறது. வேர் நுனியைக் கிள்ளி, கார்மைன் என்கிற சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடியில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்திருக்கிறார். பதினைந்து! ஒன்று கூடுதலாக இருக்கிறது! ஒரு செடியில் ஒரு குரோமோசோம் கூடுதலாக வந்தால், எந்த குரோமோசோம் எந்தக் குணத்தைச் சுமக்கிறது என்று கண்டுபிடிக்க வழி கிடைக்கும். அந்தக் காலத்தில் உலகமெங்கும் ஆட்கள் இப்படிப்பட்ட செடிகளைத் தேடி அலைந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு பெண்ணின் பாத்தியிலேயே அது முளைத்து நின்றிருக்கிறது.

“வாத்தியார் பாத்தாரும்மா. பதினாலுதான்னுட்டாரு. உடைஞ்ச துண்டை எண்ணியிருக்கேன்னாரு. வேற யாரையும் பாக்கவும் வுடல. அந்தச் செடி மணி புடிக்காமலே பட்டுப்போச்சு. எனக்கும் அதுக்கு மேல அங்க ஒக்காரப் புடிக்கல, பாதியிலயே வந்துட்டேன்.” டீச்சர் குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. “ஆனா அது பதினஞ்சுதான்.”

அன்றைக்கே நான் கிடங்கைத் தலைகீழாகப் புரட்டினேன். ஸ்லைடு பெட்டிகள் எதிலும் இல்லை. கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? மேற்கு ஜன்னலோரம், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கென்று வைத்திருந்த கண்ணாடி மூடி போட்ட தட்டில்! வாத்தியார் உதவாது என்று தள்ளினதை, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று யாரோ அங்கே வைத்திருக்கிறார்கள். ஒட்டியிருந்த காகிதச் சீட்டெல்லாம் பூச்சி அரித்துப் போயிருந்தது. ஆனால் ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் வைர ஊசியால் கீறி எழுதியிருந்தது: ‘ச.லே. கம்பு 41.’ அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது.

மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அத்தனை வருஷம் சாயங்கால வெயில் தட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. சாயம் வெளுத்து, செல்கள் எல்லாம் ஆவி மாதிரி ஆகிவிட்டன. பால்சம் பிசினில் பதித்து ஒட்டிய செல்லைச் சாயமில்லாமல் பார்ப்பதும், தண்ணீருக்குள் விழுந்த கண்ணாடித் துண்டைத் தேடுவதும் ஒன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு ஸ்லைடின் நடுவிலும், மேல் கண்ணாடியில், மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. கறுப்பேறின சிவப்பு. பெயின்ட் மாதிரி காய்ந்து கெட்டியாக இருந்தது. எனக்குப் புத்துயிர் வந்தது. குரோமோசோம் பார்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆயிரம் செல்லில் ஒன்றுதான் எண்ணத் தோதாக விரிந்து கிடக்கும். மறுபடி தேடாமல் இருக்க, அதன் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி குத்தி வைப்பார்கள். ஆக டீச்சரின் பதினைந்து, இந்தப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது!

அறிவழகன் எட்டிப் பார்த்துவிட்டு, “இது ஆயுத பூஜைப் பொட்டு மாதிரி இருக்கு” என்றான்.

“மண்ணாங்கட்டி! ஸ்லைடுக்கு யாருடா பொட்டு வெப்பாங்க?”

“நம்ம டிபார்ட்மென்ட்ல எதுக்குத்தான் வெக்கல? போன வருசம் ஏசிக்கே வெச்சாங்க.”

“இது சயின்ஸ் மார்க். இதுல கையை வெச்சே, தொலைச்சுப்புடுவேன்” என்றேன். ஒரு தரமல்ல, பார்க்கிறபோதெல்லாம் சொன்னேன். புள்ளியைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். வலப்பக்கம், இடப்பக்கம், மேலே, கீழே. கண் பூத்துப் போனதுதான் மிச்சம். மறுபடி சாயம் ஏற்றலாமா என்று கேட்டால் ராமாமிர்தம் சார் கையெடுத்துக் கும்பிட்டார். “மியூசியம் பொருளைப் பிரிக்காதம்மா. பிரிச்சா உள்ளதும் போயிடும்.”

சார் நல்லவர்தான், ஆனால் கறார். கம்பு ஆராய்ச்சிக்கென்று ஒரு பெரிய பலகை தயாராகியிருந்தது. அதில் டீச்சர் பெயரைப் போடச் சொல்லி நான் நச்சரித்தேன். “அவுங்க வாயால சொன்னதை மட்டும் வெச்சு எப்படிம்மா போடுறது? நாளைக்கு யார் வேணாலும் வந்து நானும் பாத்தேம்பாங்க. ஒரே ஒரு செல்லைக் காட்டு. பதினஞ்சு இருந்தா நானே என் கையால பேரை எழுதுறேன்” என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இதற்கிடையில் டீச்சர் வேறு, “தெறப்பு விழாவுக்கு வர்றேம்மா. பேரு இருந்தாலும் வர்றேன், இல்லாட்டியும் வர்றேன்” என்று சொல்லிவிட்டார். பேர் இல்லாத பலகையை அவர் வந்து பார்ப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது தெரிகிறதல்லவா, அன்றைக்குக் காலையில் புள்ளியெல்லாம் அழிந்து பளபளத்த தட்டைப் பார்த்து நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று?

“அடப்பாவி! அறிவுன்னு உனக்குப் பேரு வெச்சது யாருடா? இருந்த ஒரே அடையாளத்தையும் அழிச்சிட்டியே! இனிமே எங்க போயித் தேடுவேன்?”

“சாரு தட்டைச் சுத்தம் பண்ணச் சொன்னாரு. வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றாங்க, பூஜைக் கறையோடயா வெப்பாங்க? ஸ்பிரிட் பட்டதும் கரைஞ்சிருச்சு பாரு. சயின்ஸ் மார்க் இப்படியா கரையும்?”

“பேசாதே! துடைச்சதையாவது ஒழுங்காத் துடைச்சியா? இங்க பாரு, இன்னும் செவப்பா இருக்கு!” ஒரு ஸ்லைடை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். நடுவில், புள்ளி இருந்த இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது.

அவன் அதை வாங்கி மறுபடி பஞ்சால் தேய்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். அப்போதும் போகவில்லை. “ஏய், இது மேல இல்ல” என்றான் மெதுவாக. “கண்ணாடிக்கு அடியில இருக்கு.”

அடுத்த நொடி ஸ்லைடைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். லென்ஸ் வட்டத்துக்குள் வெளுத்த செல்கள், வெளுத்த செல்கள், இன்னும் வெளுத்த செல்கள். ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

சிவப்பு!

நேற்று சாயம் போட்ட மாதிரி! செக்கச்செவேலென்று, நூறு நூற்றைம்பது செல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கருஞ்சிவப்பில் குரோமோசோம்கள். வெயில் ஸ்லைடு முழுவதையும் தின்றிருக்கிறது, புள்ளிக்கு அடியில் இருந்ததை மட்டும் தொட முடியவில்லை. நான் இத்தனை காலம் புள்ளியைச் சுற்றித் தேடினேன். புள்ளியில் கை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று வேறு மிரட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் அந்தப் புள்ளிக்குக் கீழே குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறது!

“அறிவு! அறிவு! டேய், இங்க பாரு! மாஷா அல்லாஹ், பாருடா!”

அவன் பார்த்தான். “யம்மா தாயே!” என்றான். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் உலுக்கி உலுக்கிக் கத்தினோம். என்ன கத்தினோம் என்று ஞாபகமில்லை.

ஆனால் செல் தெரிந்தால் போதாதே, எண்ண வேண்டுமே. முதல் ஸ்லைடில் எல்லாம் நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடந்தது. அடுத்ததில் நன்றாக விரிந்த செல்லின் பாதி, வட்டத்துக்கு வெளியே வெளுத்துப் போயிருந்தது. இன்னொன்றில் நசுக்கின அழுத்தம் போதாமல் குவியலாகக் கிடந்தன. அறிவழகன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் பார்த்துப் பார்த்து ஓரம் வைத்தேன். வெளியே விருந்தாளிகள் வந்து இறங்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. தட்டு காலியாகிக்கொண்டே வந்தது.

கடைசிக்கு முந்தின ஸ்லைடில் அது கிடைத்தது. வட்டத்தின் நடு மத்தியில் ஒரு செல், அழகாக விரிந்து, உதறிப் போட்ட வெண்டைப் பிஞ்சுகள் மாதிரி குரோமோசோம்கள். நான் எண்ணத் தொடங்கும்போதே கதவு திறந்தது. ராமாமிர்தம் சார், அவர் பின்னால் நாலைந்து விருந்தாளிகள், அவர்களுக்கும் பின்னால் கைத்தறிச் சேலையில் ஒரு மெலிந்த அம்மா. பண்ருட்டி பஸ்ஸில் வந்த கசங்கல்கூட இல்லாமல் நிமிர்ந்து நின்றார்.

“சந்திரலேகா டீச்சரா?” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார். “என் பொட்டெல்லாம் எங்க?” என்றார்.

அறிவழகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“பொட்டுதானா டீச்சர் அது? மார்க் இல்லையா?” என்றேன்.

“சாந்துப் பொட்டும்மா. அந்த வருசம் ஆயுத பூஜைக்கு லேப்ல இருக்கிற அத்தனை பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வெச்சாங்க. என் தட்டை மட்டும் வுட்டுட்டாங்க. அது குப்பைன்னு சொல்லியாச்சே. எனக்குப் பொறுக்கல. எல்லாத்துக்கும் பூஜை, இதுங்க மட்டும் என்ன அநாதையா? கண்ணாடியில குங்குமம் நிக்காது. பையில சாந்து பாட்டில் இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் நெத்தியில வெக்கிற மாதிரி நடுவுல வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் இங்க வரவே இல்ல.”

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெயில் தின்றது, பொட்டு காத்தது, சிவப்பு வட்டம் என்று என் வாயிலிருந்து சொற்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. பாதி அவருக்குப் புரிந்திருக்காது. “இப்ப மைக்ரோஸ்கோப்ல இருக்கு டீச்சர், உங்க செல்லு! வாங்க, நீங்களே பாருங்க!”

டீச்சர் நகரவில்லை. “நான் அப்பவே பாத்துட்டேன்மா. பாக்க வேண்டியவங்க பாக்கட்டும்” என்று ராமாமிர்தம் சாரைக் காட்டினார்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உதடு அசைய எண்ணுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தரம் எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு தலையைத் தூக்கி, ரொம்ப வருத்தத்தோடு, “பதினாலுதாம்மா வருது” என்றார்.

டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. “எங்க வாத்தியாரும் இங்கதான் நிறுத்துனாரு” என்றார்.

எங்கே நிறுத்தினார்? எனக்கு மண்டைக்குள் பொறி தட்டியது. நசுக்கின செல் தட்டையாகத் தெரியும், ஆனால் கொஞ்சம் ஆழம் இருக்கும். ஒன்று இன்னொன்றின் மேலேயே படுத்திருந்தால்?

“சார், எந்திரிக்காதீங்க!” என்று கத்தினேன். துறைத் தலைவரிடம் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது, யார் அதையெல்லாம் பார்த்தது? “சின்னக் குமிழைத் திருப்புங்க. ஃபோகஸை மெள்ளக் கீழ எறக்குங்க. குண்டா இருக்குமே ஒண்ணு, அதையே பாத்துக்கிட்டு எறக்குங்க!”

சார் திருப்பினார். ஒரு மயிரிழை. இன்னும் ஒரு மயிரிழை. அவர் முதுகு விறைத்ததைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

“அடியில இன்னொண்ணு இருக்கு” என்றார். குரல் மாறிப்போயிருந்தது. “துண்டு இல்ல, முழுசா இருக்கு. ரெண்டு கையும் நடு இடுக்கும் தெரியுது. டீச்சர், பதினஞ்சு. பதினஞ்சுங்க!”

அறிவழகன் விசிலே அடித்துவிட்டான். விருந்தாளிகள் கைதட்டினார்கள். சார் எழுந்து, அறிவழகன் நீட்டிய மார்க்கரை வாங்கிக்கொண்டு பலகைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர்தான்.

“சார், எழுதுறது அப்புறம் இருக்கட்டும்” என்றார் டீச்சர். “இன்னொரு தரம் எண்ணுறீங்களா? சத்தமா.”

“சத்தமாவா?”

டீச்சர் சுவரைக் காட்டினார். பலகைக்கு மேலே, கண்காட்சிக்காக அன்று காலையில்தான் மாட்டியிருந்த அவருடைய பழைய வாத்தியாரின் படம், சந்தன மாலையோடு இருந்தது.

“அவருக்கு வலது காது கொஞ்சம் மந்தம்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ராமாமிர்தம் சார் மார்க்கரைக் கீழே வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், லென்ஸில் கண்ணை வைத்தார். “ஒண்ணு” என்று தொடங்கினார், பெரிய வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்குப் பாடம் நடத்துகிற குரலில். “ரெண்டு. மூணு.” டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு படத்துக்கு நேரே நின்றார். ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் தலை லேசாக அசைந்தது. பதினாலில் சார் நிறுத்தி, குமிழைத் திருப்பினார். நானும் அறிவழகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“பதினஞ்சு” என்றார் சார், வராந்தா முழுக்கக் கேட்கும்படி.